காவல் இருப்பவர் கண்ணயர்ந்த பிறகு: பிள்ளை உறக்கமும் அதற்கான சாமான்களும்

கடந்த மாரியில் ஒரு நாள், சுபஹு வாங்கு சொல்வதற்கு முன்பே மகளிடமிருந்து போன் வந்தது. அந்த நேரத்து போன் நல்ல செய்தி கொண்டுவராது என்பது மூதூர்க்காரருக்குப் பழகிப்போன பயம். எடுத்தால் மறுபக்கத்தில் அழுகைதான் கேட்டது.

"உம்மா, புள்ள மெத்தைக்கும் சுவருக்கும் நடுவுல போயிரிக்கி. பால் குடுத்துக்கிட்டே நான் உறங்கிட்டேன் உம்மா. நான் உறங்கிட்டேன்."

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். முனகல் கேட்டு மகள் திடுக்கிட்டு எழும்பி வெளியே எடுத்துவிட்டாள். ஆனால் முகம் ஒரு தலையணையில் பதிந்துகிடந்ததாம். இன்னும் பத்து நிமிடம் அவள் உறங்கியிருந்தால்? அந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை பதில் யோசிக்கவில்லை. யோசிக்கத் தைரியமில்லை.

முதல் பஸ்ஸில் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து திருகோணமலைக்குப் போனேன். மகளின் வாடகை வீடு உள்துறைமுக வீதிக்குக் கிட்ட, ஒரு மாடியில். மருமகன் கட்டாரில். ஐந்து மாதப் பிள்ளையும் அவளும் மட்டும். அறையைச் சுற்றிப் பார்த்தேன். பிள்ளை உறங்குவதற்கென்று எத்தனை சாமான்! சரிந்த ஆட்டுக்கதிரை ஒன்று, பாட்டுப் பாடும் பொம்மை ஒன்று, மழைச் சத்தம் போடும் ஒரு சிறு பெட்டி, கடுகு நிரப்பிய தலையணை, பிள்ளை விழாமலிருக்கச் சுற்றி வைத்த நான்கு தலையணைகள். அந்த நான்கில் இரண்டு நான் வாங்கிக் கொடுத்தவை. பிள்ளையின் முகம் பதிந்துகிடந்ததும் அவற்றில் ஒன்றில்தான்.

முன்பள்ளி ஆசிரியையாக இருபது வருடத்துக்கு மேல் பிள்ளைகளோடு கிடப்பவள் நான். எனக்கே தெரியாததை என் மகள் எப்படித் தெரிந்திருப்பாள்? அதன் பிறகு எங்கள் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்டேன், வைத்தியர்கள் எழுதியவற்றைத் தேடி வாசித்தேன். அறிந்துகொண்டதை நம் வீடுகளுக்குப் பொருத்தி இங்கே எழுதுகிறேன். எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது என்பதற்கு நான் கண்ட அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: பிள்ளையைக் காவல் காப்பவர் கண்ணயர்ந்த பிறகும் இந்தச் சாமான் பிள்ளைக்குப் பாதுகாப்பாக இருக்குமா?

ஏணையும் பெருவிரல் கயிறும்

என் வாப்பும்மா திண்ணையில் இருந்து பன்பாய் இழைப்பா. வீட்டு வளையில் ஏணை தொங்கும். ஏணையிலிருந்து வரும் கயிற்றின் நுனி அவவின் கால் பெருவிரலில் சுற்றியிருக்கும். கை இழைக்கும், கால் ஆட்டும், வாய் ஓராட்டுப் பாடும். பிள்ளை சிணுங்கினால் எட்டிப் பார்ப்பா. அவவுக்கு அலுப்பு வந்தால் மாமி வந்து இருப்பா. மாமிக்கு வேலை வந்தால் பக்கத்து வீட்டு ராத்தா.

2006 ஆகஸ்டில் நாங்கள் மூதூரை விட்டுக் கந்தளாய்க்குப் போனபோது என் இளையவனுக்கு ஏழு மாதம். ஒரு பாடசாலை வளவில் வேப்பமரக் கிளையில் என் கணவரின் சாரனை ஏணையாகக் கட்டினோம். தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் மாறிமாறி ஆட்டினார்கள். அத்தனை பதகளிப்பிலும் அவன் உறங்கினான்.

இதை நான் ஏக்கத்துக்காகச் சொல்லவில்லை. ஏணை ஒரு துணி மட்டுமாக இருக்கவில்லை. துணியும் கயிறும், அந்தக் கயிற்றின் மறுமுனையில் விழித்திருந்த ஒரு மனுஷியும் சேர்ந்ததுதான் ஏணை. இன்று துணி இருக்கிறது, கொழுக்கி இருக்கிறது, மின்சாரத்தில் தானாக ஆட்டும் இயந்திரமும் கடையில் இருக்கிறது. மறுமுனை மனுஷியைக் காணோம். அவ இல்லாத இடத்தில் ஏணையின் ஆபத்துகள் வெளியே வருகின்றன.

சின்னப் பிள்ளையின் தலை உடம்பின் அளவோடு பார்த்தால் பாரமானது, கழுத்து பலமில்லாதது. துணி குழிந்து பிள்ளை வளைந்து கிடந்தால் நாடி நெஞ்சில் முட்டும், மெல்லிய மூச்சுக்குழாய் மடங்கும். பிள்ளை அழாது, இருமாது. சத்தமில்லாமலே மூச்சு குறையும். பிள்ளை புரளத் தொடங்கிவிட்டால் விழும், அல்லது முகம் துணியில் புதையும். மூத்த பிள்ளைகள் சுற்றி விளையாடும்போது துணி முறுகிக் கழுத்தில் இறுகுவதும் உண்டு. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் சேலைத் தொட்டிலில் விளையாடிய பிள்ளைகள் இப்படி இறந்த செய்திகள் அவ்வப்போது வருகின்றன.

ஆகவே ஏணையை எறிந்துவிடச் சொல்லவில்லை. விழித்த கண் பக்கத்தில் இருக்கும்வரை ஏணை நல்லது. துணியை விரித்துப் பிடிக்க நடுவில் கம்பு கொடுங்கள், நிலத்துக்குக் கிட்டக் கட்டுங்கள், பிள்ளை புரளத் தொடங்கியதும் அவிழ்த்துவிடுங்கள். நீங்கள் குசினிக்குப் போவதானால், அல்லது உங்களுக்கே கண் சொருகுவதானால், பிள்ளையை எடுத்து சமமான இடத்தில் மல்லாக்கப் போடுங்கள்.

பிள்ளை எழும்புவது நோய் அல்ல

சாமான் வாங்க ஓடுவதற்கு முன் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். பிறந்த பிள்ளைக்கு இரவு பகல் தெரியாது. இருட்டும்போது உடம்பில் சுரந்து உறக்கத்தைக் கூட்டிவரும் மெலட்டோனின் என்ற சுரப்பு, ஏறக்குறைய மூன்று மாதமளவில்தான் பிள்ளையின் உடலில் ஒழுங்குக்கு வருகிறது. அதுவரை தாயின் இரவுப் பாலில் அந்தச் சுரப்பு கொஞ்சம் வருகிறது. படைத்தவனின் ஏற்பாடு அது.

2018இல் கனடாவில் 388 பிள்ளைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆறு மாதத்தில் நூற்றுக்கு 38 பிள்ளைகள் தொடர்ச்சியாக ஆறு மணித்தியாலம் உறங்கவில்லை. ஒரு வயதிலும் நூற்றுக்கு 28 பிள்ளைகள் அப்படித்தான். இரவில் எழும்பிய பிள்ளைகளின் வளர்ச்சியில் குறை எதுவும் காணப்படவில்லை. ஆகவே "உங்கட புள்ள இன்னும் ராவெல்லாம் முழிக்குதா?" என்று கேட்கும் உறவுக்காரருக்கு நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவரல்லர்.

மொத்த உறக்கம் எவ்வளவு என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஒரு கணக்குத் தந்தது. 24 மணித்தியாலத்தில், பகல் உறக்கத்தையும் சேர்த்து, மூன்று மாதம் வரை 14 முதல் 17 மணி, நான்கு முதல் பதினொரு மாதம் வரை 12 முதல் 16 மணி, ஒன்று இரண்டு வயதில் 11 முதல் 14 மணி, மூன்று நான்கு வயதில் 10 முதல் 13 மணி. இது துண்டு துண்டாகவும் வரலாம். எந்தச் சாமானும் பிள்ளையின் வயதை முந்திப்போய் உறக்கத்தைக் கொண்டுவராது. நல்ல சாமான் செய்வது இரண்டு காரியம்: வருகின்ற உறக்கத்தைக் கலைக்காமல் விடுகிறது, உறங்கும் பிள்ளையின் மூச்சைக் காக்கிறது.

முதல் சாமான்: கெட்டியான, வெறுமையான படுக்கை

காசு செலவழிக்கலாம் என்றால் இதற்குச் செலவழியுங்கள். கையால் அழுத்தினால் குழி விழாத மெத்தை வேண்டும். நம் ஊர்த் தும்பு மெத்தை, மேடு பள்ளம் இல்லாமலிருந்தால், விலையுயர்ந்த பஞ்சு மெத்தையைவிட நல்லது. அதன் மேல் இழுத்துச் செருகிய ஒரு துணி. அவ்வளவுதான். ஒரு வயது வரை தலையணை வேண்டாம், போர்வை வேண்டாம், பொம்மை வேண்டாம், பக்கத்தில் அணை வேண்டாம்.

இதைச் சொன்னால் நம் வீட்டு மூத்தவர்கள் ஏற்கமாட்டார்கள். "கடுகுத் தலகணி இல்லாட்டி தல சப்பையாகும்" என்பார்கள். தலை சற்றுத் தட்டையாவது பெரும்பாலும் பிள்ளை இருக்கத் தொடங்கியபின் தானாகச் சீராகும். விழித்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் நாம் இருந்துகொண்டு குப்புறப் போட்டு விளையாடவிட்டால் போதும். மூச்சு அடைபட்டால் அப்படிச் சீராக்க வழியில்லை.

மல்லாக்கப் போடுவது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் 1991இல் பிரித்தானியாவிலும் 1994இல் அமெரிக்காவிலும் "பிள்ளையை மல்லாக்கப் படுக்க வையுங்கள்" என்று நாடு முழுக்கச் சொன்ன பிறகு, காரணம் தெரியாத தொட்டில் மரணங்கள் சில ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. மருந்துமில்லை, இயந்திரமுமில்லை. பிள்ளையைத் திருப்பிப் போட்டார்கள், அவ்வளவே.

தச்சரிடம் சொல்லித் தொட்டில் செய்விப்பவர்கள் இரண்டு அளவை மறக்க வேண்டாம். கம்பிகளுக்கு நடுவில் 6 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி கூடாது. சோடாக் கேன் ஒன்று அதற்குள்ளால் நுழையுமானால் பிள்ளையின் உடம்பும் நுழைந்து தலை மாட்டும். மெத்தைக்கும் தொட்டில் பக்கத்துக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் இடம் இருக்கக் கூடாது. என் பேத்தி மாட்டியது அப்படியான ஓர் இடைவெளியில்தான்.

தொட்டிலுக்கு வசதியில்லையா? நிலத்தில் பாய் விரித்து, அதன்மேல் கெட்டியான மெத்தை போட்டு, சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். உம்மாவின் அறையிலேயே, உம்மாவின் கைக்கு எட்டுகிற தூரத்தில், ஆனால் தனக்கென்று ஓர் இடத்தில் பிள்ளை உறங்குவதே சிறந்தது என்கிறார்கள் வைத்தியர்கள். குறைந்தது முதல் ஆறு மாதமாவது.

பால் கொடுக்கும்போது கண்ணயர்ந்துபோகும் உம்மாமாருக்கு ஒரு சொல். உறக்கம் வரும் என்று தெரிந்தால் சாய்வுக் கதிரையிலோ சோபாவிலோ இருந்து கொடுக்காதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022இல் வெளியிட்ட அறிக்கை, சோபாவில் அல்லது கதிரையில் பிள்ளையோடு உறங்கிப்போவதால் ஆபத்து 67 மடங்கு வரை கூடுகிறது என்கிறது. அதைவிடத் தலையணையும் போர்வையும் அகற்றிய படுக்கையில் கிடந்தபடி கொடுப்பது ஆபத்துக் குறைந்தது. எழும்பியதும் பிள்ளையை அதன் இடத்துக்கு மாற்றுங்கள். வீட்டில் புகைபிடிப்பவர் இருந்தால், அல்லது பிள்ளை குறைமாதத்தில் பிறந்திருந்தால், ஒரே படுக்கை வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது: நுளம்பு வலை, பகலிலும்

இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. அதைக் கேட்டு நாம் வலையை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டோம். அடுத்த ஆண்டே, 2017இன் தொடக்கத்தில், கிண்ணியாவில் டெங்கு வீட்டுக்கு வீடு புகுந்தது நம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த ஆண்டு நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது.

மலேரியா நுளம்பு இரவில் கடிக்கும். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும், அதிலும் காலை வெயில் ஏறும்போதும் அந்தி சாயும் முன்னரும் கூடுதலாக. பிள்ளைகள் உறங்கும் நேரமும் அதுதான். ஆகவே இரவில் மட்டும் வலை கட்டும் வீட்டில் பாதிப் பாதுகாப்புத்தான் இருக்கிறது. குடைபோல விரிக்கும் சிறிய வலை சந்தையில் கிடைக்கிறது. அதைப் பகல் உறக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வலை பிள்ளையின் உடம்பில் தொட்டால் வெளியிலிருந்தே கடிக்கும், ஆகவே கொஞ்சம் அகலமாக எடுங்கள். கிழிசல், தொங்கும் நூல், நாடா எதுவும் பிள்ளையின் கைக்கு எட்டக் கூடாது. நிலத்தில் உறங்குபவர்கள் வலையை மெத்தைக்கு அடியில் செருகினால் மட்டத்தேளுக்கும் பாம்புக்கும்கூட அது ஒரு வேலி.

வலைக்குப் பதிலாக நுளம்புச் சுருள் கொளுத்துவது நம் வழக்கம். 2003இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம். கதவு யன்னலைப் பூட்டிவிட்டுச் சுருளைக் கட்டிலுக்கடியில் வைப்பது என்றால் என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குக் காட்டும் சாம்பிராணிப் புகையும் இதே கணக்கில்தான் வரும்.

மூன்றாவது: காற்றும் மெல்லிய உடுப்பும்

கச்சான் வீசும் வைகாசி முதல் ஆவணி வரை திருகோணமலை மாடி வீடு ஒரு வெதுப்பகம். அந்த வெக்கையிலும் பிள்ளைக்குத் தொப்பி, மேஸ், கைக்குக் கையுறை, மேலே ஒரு துவாய்! "காத்துப் பட்டா தடிமல் புடிக்கும்" என்ற பயம். பிள்ளை தன் சூட்டைத் தலை வழியாகத்தான் பெரும்பாலும் வெளியேற்றுகிறது. உறங்கும்போது தொப்பி போட்டால் அந்த வழி அடைபடும். அளவு மீறிய சூடும் தொட்டில் மரணத்துக்கு ஒரு காரணியாகக் கணிக்கப்படுகிறது.

நமக்கு எத்தனை உடுப்புப் போதுமோ அதைவிட ஒன்று கூட, அதுவும் மாரியில் மட்டும். கோடையில் ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போதும். பிடரியில் கை வைத்துப் பாருங்கள். வியர்த்து ஈரமாக இருந்தால் ஒரு உடுப்பைக் கழற்றுங்கள். கையும் காலும் குளிர்ந்திருப்பதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, சிறுபிள்ளைக்கு அது இயல்பு.

மின்விசிறியை நேரே பிள்ளையின் முகத்துக்கு வைக்காமல் சுவரில் பட்டு வருமாறு திருப்புங்கள். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது கைவிசிறியின் அருமையை எல்லாரும் அறிந்தோம். மின்னேற்றி வைக்கும் சிறு விசிறி ஒன்று இப்போது பிள்ளை உள்ள வீட்டுக்கு ஆடம்பரமல்ல.

பிறந்த பிள்ளையைத் துணியால் சுற்றிவைப்பது நல்ல பழக்கம். திடுக்கிட்டுக் கை உதறி எழும்புவதைக் குறைக்கும். மெல்லிய துணியால், இடுப்பும் காலும் மடங்கி விரிய இடம்விட்டு, மல்லாக்க மட்டும். புரள எத்தனிக்கும் முதல் நாளே சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும். கை கட்டப்பட்ட பிள்ளை குப்புற விழுந்தால் தலையைத் திருப்ப முடியாது.

ஆட்டம், சத்தம், வெளிச்சம்

தூக்கி நடந்தால் உறங்குகிறது, கிடத்தினால் எழும்புகிறது. இது உலகத்து உம்மாமார் எல்லாருடைய முறைப்பாடு. ஜப்பானில் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தார் 2022இல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் 5 நிமிடம் ஒரே சீராக நடக்க வேண்டும். உறங்கியதும் உடனே கிடத்தாமல், பிள்ளையோடு 5 முதல் 8 நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். அதற்குள் உறக்கம் ஆழமாகிவிடும். பிறகு கிடத்தலாம். என் மகளுக்கு இது கைகொடுத்தது. காசில்லாத சாமான்!

சத்தப் பெட்டி விஷயத்தில் கவனம். ஒரே சீரான சத்தம் பிள்ளைக்குப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் 2014இல் 14 சத்தப் பெட்டிகளைச் சோதித்தபோது, 30 சென்ரிமீற்றர் தூரத்தில் வைத்து முழுச் சத்தம் விட்டால் அத்தனையும் வைத்தியசாலைக் குழந்தைப் பிரிவுகளில் அனுமதிக்கப்பட்ட 50 டெசிபலைத் தாண்டின. மூன்று 85ஐயும் தாண்டின. ஆலைத் தொழிலாளி காதுக்குப் பாதுகாப்பு அணிய வேண்டிய அளவு அது. போடுவதானால் 2 மீற்றருக்கு அப்பால், குறைந்த சத்தத்தில், உறங்கியதும் நிறுத்திவிடுங்கள். போனில் மழைச் சத்தம் போட்டுத் தலைமாட்டில் வைக்க வேண்டாம். யன்னலைத் திறந்தால் கடல் இருக்கிறது. உங்கள் குரல் இருக்கிறது. ஓராட்டு மறந்துபோயிருந்தால் மெதுவாக ஸலவாத் சொல்லுங்கள். உம்மாவின் நெஞ்சில் சாய்ந்து கேட்கும் குரலுக்கு ஈடான பெட்டியை எந்த நாட்டிலும் இன்னும் செய்யவில்லை.

வெளிச்சம் இன்னும் முக்கியம். 2018இல் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளைப் படுக்கைக்கு முன் ஒரு மணித்தியாலம் பளிச்சென்ற வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது, அவர்களின் மெலட்டோனின் ஏறக்குறைய நூற்றுக்கு 88 பங்கு குறைந்துபோனது. இஷா முடிந்தும் வீடு முழுக்க வெள்ளை விளக்கு எரிகிறது, பிள்ளையின் கையில் போன், ஹோலில் ரீவி. பிறகு "உறங்குதில்ல" என்று முறையிடுகிறோம். மஃரிபுக்குப் பிள்ளைகளை உள்ளே எடுப்பது, இஷாவுக்குப் பின் வீண்பேச்சைக் குறைப்பது என்பவை நமக்கு நபிவழியாகவே வந்த ஒழுங்குகள். அதை வீட்டு விளக்குக்கும் நீட்டிப்போம். இரவில் பால் கொடுக்கவும் துணி மாற்றவும் ஒரு மங்கலான மஞ்சள் அல்லது சிவப்புச் சிறு பல்பு போதும்.

கதவுக்கு வெளியே வைக்க வேண்டியவை

சரிந்த ஆட்டுக்கதிரை உறங்குவதற்கானதல்ல. அமெரிக்காவில் ஃபிஷர் பிரைஸ் நிறுவனம் அப்படியான சரிவுப் படுக்கை 47 இலட்சத்தை 2019 ஏப்ரலில் மீளப் பெற்றது. 30க்கு மேற்பட்ட சிசுக்கள் இறந்ததாகப் பதிவான பிறகு நடந்தது அது. 2022இல் அந்நாடு 10 பாகைக்கு மேல் சரிந்த சிசுப் படுக்கைகளையும், தொட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சு அணைகளையும் விற்கக் கூடாதென்று சட்டமே செய்தது. அங்கே தடைசெய்யப்பட்டதைப் போன்ற சாமான்கள் இங்கே "புள்ளைக்கு நல்லது" என்று அன்பளிப்பாக வருகின்றன.

கழுத்தில் கட்டும் தாவீசும் கறுப்புக் கயிறும், சூப்பியைக் கழுத்தில் தொங்கவிடும் நாடாவும் உறங்கும்போது வேண்டாம். கயிறுக்கு நிய்யத் தெரியாது. மாட்டினால் இறுக்கும், அவ்வளவுதான்.

உறங்க வைக்கத் தடிமல் மருந்து கொடுக்கும் பழக்கம் இரகசியமாக நம்மிடையே இருக்கிறது. பயணத்துக்கு முன், கலியாண வீட்டுக்கு முன் "ஒரு கரண்டி" என்பார்கள். அப்படியான மருந்துகளில் ஒன்றான புரோமெத்தசீன் இரண்டு வயதுக்குக் கீழே மூச்சையே நிறுத்தக்கூடும் என்று 2004இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்துத் தடுத்தது. வைத்தியர் எழுதாத எந்த மருந்தும் உறக்கத்துக்கு வேண்டாம்.

ஒரு வயதுக்குப் பிறகு

தளிர்நடை போடும் பிள்ளைக்குச் சிக்கல் வேறு. அதற்கு உறங்கத் தெரியும், உறங்க மனமில்லை. இந்த வயதில் உதவும் முதல் சாமான் ஒழுங்கு. 2009இல் 405 தாய்மாரை வைத்துச் செய்த ஆய்வில், இரவில் குளிப்பாட்டி, உடம்பு தடவிவிட்டு, அமைதியாகப் படுக்கைக்குக் கொண்டுபோகும் ஒரே வரிசையை இரண்டு கிழமை கடைப்பிடித்ததுமே பிள்ளைகள் சீக்கிரம் உறங்கினார்கள், இரவில் குறைவாக எழும்பினார்கள். உம்மாமாரின் மனமும் தேறியது. நம் வீட்டு வரிசை இப்படி இருக்கலாம்: இளஞ்சூட்டு நீரில் மேல் கழுவுதல், பால், பல் துலக்கல், ஒரு சின்னக் கதை, துஆ, விளக்கு. ஒவ்வொரு நாளும் அதே வரிசை. நோன்பு மாதத்தில் தராவீஹ், ஸஹர் என்று வீட்டின் நேரம் மாறும். நேரம் மாறினாலும் வரிசை மாறாதிருந்தால் பிள்ளை பிடித்துக்கொள்ளும்.

இந்த வயதில் அணைத்துக்கொள்ள ஒரு துணியோ சின்னப் பொம்மையோ கொடுக்கலாம். இழுத்தால் கழன்று வரும் பொத்தானோ கண்ணோ இல்லாததாக இருக்கட்டும். உம்மாவின் பழைய முந்தானைத் துண்டு போதும், அதில் உம்மாவின் வாசம் இருக்கிறது. பால் போத்தலை வாயில் வைத்தபடி உறங்கவிட வேண்டாம், இரவு முழுக்கப் பல்லில் கிடக்கும் பால் பல்லைத் தின்றுவிடும். இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிவுரை.

பன்னில் ஒரு பிள்ளைப் படுக்கை

நியூசிலாந்தின் மாவோரி மக்களுக்கும் நம்மைப்போலப் பிள்ளையை அணைத்துக் கிடத்தும் வழக்கம். அவர்களிடையே சிசு மரணம் கூடுதலாக இருந்தது. "பக்கத்தில் போடாதே" என்று சொல்லிப் பார்த்தார்கள், தாய்மார் கேட்கவில்லை. 2006 அளவில் அவர்களின் இழைப்புக்காரப் பெண்களும் வைத்தியர்களும் சேர்ந்து வஹக்குரா என்ற கூடைப் படுக்கையைச் செய்தார்கள். அவர்கள் ஊரில் பாய் இழைக்கும் நாரிலேயே இழைத்தது. பெற்றோரின் படுக்கையிலேயே, அவர்கள் பக்கத்திலேயே வைக்கலாம். ஆனால் பிள்ளைக்குத் தன் வேலி உண்டு, உறங்கிப்போன கை பிள்ளையின் முகத்தில் விழாது. 2011 கிறைஸ்ட்சேர்ச் நிலநடுக்கத்துக்குப் பின், அதே யோசனையில் பிளாஸ்டிக் பெட்டிகளையும் வீடுகளுக்குக் கொடுத்தார்கள். இந்தத் திட்டங்கள் நடந்த 2009 முதல் 2015 வரையான காலத்தில் அந்நாட்டின் சிசு மரணம் நூற்றுக்கு 29 பங்கு குறைந்தது.

இதை வாசித்த இரவு எனக்கு வாப்பும்மாவின் கைதான் ஞாபகத்துக்கு வந்தது. கிழக்கின் முஸ்லிம் பெண்கள் எத்தனை தலைமுறையாகப் பன் இழைக்கிறோம்! அந்தக் கைத்தொழில் விலை போகாமல் வாடிக்கொண்டிருக்கிறது. அடி கெட்டியாக, பக்கம் தாழ்வாக, காற்றுப் புகும்படி ஒரு பிள்ளைப் படுக்கையை நம் இழைப்புக்காரப் பெண்களால் செய்ய முடியாதா? நம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் மாதர் சங்கங்களும் சேர்ந்து அதன் அளவைச் சரிபார்த்துத் தந்தால், நாற்பதுக்குப் பிள்ளை பார்க்கப் போகும்போது தலையணைக்குப் பதிலாக அதைக் கொண்டுபோகலாம்.

அன்று மகளின் அறையிலிருந்து நான்கு தலையணைகளையும் நானே எடுத்து வெளியே வைத்தேன். கட்டிலைக் கழற்றி, மெத்தையை நிலத்தில் நடு அறைக்கு இழுத்தோம். பிள்ளைக்குப் பக்கத்தில் தனி மெத்தை, மேலே வலை. மகள் இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.

"நான் உறங்கியிரிக்கப்படா உம்மா."

"உம்மாவும் மனுஷிதான் மகள். உறங்காம எப்படி இரிக்கிற? நீ உறங்கினாலும் புள்ளைக்கு ஒண்டும் ஆகாத மாதிரி அறைய வைக்கிறதுதான் நம்மட வேல."

அன்று ளுஹருக்குப் பிறகு இரண்டு பேரும் உறங்கினார்கள். நான் பக்கத்தில் விழித்திருந்தேன், கால் பெருவிரலில் கயிறு மட்டும் இல்லை.